மனநலச் சிகிச்சையும் மனித உரிமையும்: பன்னாட்டு உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமான விதமும் நோயாளிகளுக்கு அதனால் கிடைக்கும் பாதுகாப்பும்

மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர் தமது சிகிச்சையைப் பற்றித் தாமே முடிவெடுக்கலாமா? குடும்பத்தினர் விரும்பினால் ஒருவரை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் மருத்துவமனையில் வைத்திருக்கலாமா? நோயாளியைக் கட்டிவைப்பது குற்றமா? இந்தியாவில் இக்கேள்விகளுக்கு விடை தருவது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இச்சட்டம் மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை உள்நாட்டில் நடைமுறைப்படுத்தும் நோக்கத்துடன் இயற்றப்பட்டது. அவ்வுடன்படிக்கையின் நெறிகள் சட்டப் பிரிவுகளாக மாறிய விதத்தையும், நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அவற்றைப் பயன்படுத்தும் வழிகளையும் இப்பக்கம் விளக்குகிறது.

முக்கியக் குறிப்புகள்

• மனநோய் இருப்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனற்றவர் ஆகிவிடுவதில்லை.
• பதினெட்டு வயது நிரம்பிய எவரும் தமக்கு எத்தகைய மனநலச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம்.
• நோயாளியின் ஒப்புதலின்றி மருத்துவமனையில் வைத்திருப்பதற்குக் கால வரம்பும் மறுஆய்வும் உண்டு.
• மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைப்பது தடை செய்யப்பட்டுள்ளது.
• மனநல மறுஆய்வு வாரியத்திடம் முறையிடக் கட்டணம் இல்லை. சட்ட உதவியும் இலவசமாகக் கிடைக்கும்.

1. பன்னாட்டு உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டமாவது எவ்வாறு?

ஓர் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிட்டு ஏற்புறுதி அளித்துவிட்டாலே அது நீதிமன்றத்தில் நேரடியாகச் செயல்படுத்தத்தக்க சட்டமாகிவிடாது. ஏற்புறுதி என்பது பிற நாடுகளின் முன்னிலையில் அரசு தரும் வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் குடிமக்கள் உள்நாட்டில் உரிமையாகக் கோர வேண்டுமெனில், பொதுவாக நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டும். உடன்படிக்கைகளை நிறைவேற்றுவதற்கான சட்டங்களை நாடு முழுவதற்கும் இயற்றும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 253ஆம் கூறு நாடாளுமன்றத்துக்கு வழங்குகிறது. பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இடம்பெற்றிருப்பினும், உடன்படிக்கையை நிறைவேற்றும் பொருட்டு நாடாளுமன்றம் சட்டம் இயற்ற அக்கூறு வழிசெய்கிறது. பன்னாட்டுச் சட்டத்தின்பாலும் உடன்படிக்கைக் கடமைகளின்பாலும் மதிப்பை வளர்க்க அரசு முயல வேண்டும் என்று 51ஆம் கூறு நெறிப்படுத்துகிறது.

இரண்டாவது வழி நீதிமன்றங்களின் வழி. உள்நாட்டுச் சட்டம் ஒரு பொருளைப் பற்றி எதுவும் கூறாதபோது, அடிப்படை உரிமைகளின் பொருளை விரித்துரைக்கப் பன்னாட்டு உடன்படிக்கைகளைத் துணையாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1997இல் விசாகா வழக்கில் தீர்ப்பளித்தது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தல் தொடர்பான அவ்வழக்கில், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிப்பதற்கான உடன்படிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொண்டு வழிகாட்டு நெறிகளை வகுத்தது. உள்நாட்டுச் சட்டத்துக்கு முரணாக இல்லாத வரையில் இம்முறை பொருந்தும்.

மனநலத் துறையில் முதல் வழியே பின்பற்றப்பட்டது. ஆகவே, நோயாளி ஒருவர் தமது உரிமையைக் கோரும்போது உடன்படிக்கையின் வாசகத்தைத் தேட வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவைச் சுட்டினாலே போதும்.

2. இச்சட்டம் வந்த பாதை

ஆங்கிலேயர் ஆட்சியில் 1912இல் இயற்றப்பட்ட இந்தியப் பித்தர் சட்டம், மனநோயாளிகளைக் காவலில் வைப்பதையே மையமாகக் கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக வந்த மனநலச் சட்டம், 1987, மனநல மருத்துவமனைகளுக்கு உரிமம் வழங்குவதையும் நோயாளிகளைச் சேர்ப்பதற்கான நடைமுறைகளையும் ஒழுங்குபடுத்தியது. எனினும், நோயாளியின் உரிமைகளைத் தனித்தனியே வகுத்துரைக்கவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் இயங்கிய தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்பியோட இயலாமல் மாண்டனர். இறந்தவர்கள் 28 பேர். உச்ச நீதிமன்றம் இதனைத் தாமாகவே வழக்காக எடுத்துக்கொண்டு, நாடெங்கும் மனநல நிறுவனங்களின் நிலையை ஆராயவும் பதிவு பெறாத காப்பகங்களைக் கண்காணிக்கவும் அரசுகளுக்கு ஆணைகள் பிறப்பித்தது. சட்டம் இருந்தும் அது நோயாளியைச் சென்றடையாவிடில் என்ன நேரும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2006 டிசம்பர் 13 அன்று மாற்றுத் திறனாளிகளின் உரிமைகளுக்கான உடன்படிக்கையை ஏற்றது. நீண்டகால மனநலப் பாதிப்பு உடையவர்களும் அதன் பாதுகாப்புக்குள் வருகின்றனர். இந்தியா 2007 மார்ச் 30 அன்று கையொப்பமிட்டு, 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி அளித்தது. உடன்படிக்கைக்கு முரணான சட்டங்களையும் நடைமுறைகளையும் திருத்துவது உறுப்பு நாட்டின் கடமை. அக்கடமையின் பேரில் மாற்றுத் திறனாளிகளின் உரிமைகள் சட்டம், 2016, மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 ஆகிய இரண்டும் இயற்றப்பட்டன. பின்னது 2017 ஏப்ரல் 7 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்று, 2018 மே 29 அன்று நடைமுறைக்கு வந்தது.

3. உடன்படிக்கையின் கூறுகளும் சட்டத்தின் பிரிவுகளும்

உடன்படிக்கையின் நெறிகளுக்கு நெருக்கமான சட்டப் பிரிவுகள் கீழே தரப்பட்டுள்ளன.

• சட்டத்தின் முன் சமமான ஏற்பு (கூறு 12): முடிவெடுக்கும் திறன், முன்கூட்டிய அறிவுறுத்தல், நியமிக்கப்பட்ட பிரதிநிதி (பிரிவுகள் 4, 5, 14).
• நீதியை அணுகும் உரிமை (கூறு 13): இலவசச் சட்ட உதவி, மறுஆய்வு வாரியம் (பிரிவுகள் 27, 73).
• தனிமனித விடுதலையும் பாதுகாப்பும் (கூறு 14): சேர்க்கைக்கும் விடுவிப்பிற்குமான நடைமுறைகள் (பிரிவுகள் 86 முதல் 90 வரை).
• கொடிய, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தையிலிருந்து விடுதலை (கூறு 15): பிரிவுகள் 20, 95, 97.
• சமூகத்தில் வாழும் உரிமை (கூறு 19): பிரிவு 19.
• அந்தரங்கத்துக்கு மதிப்பு (கூறு 22): பிரிவுகள் 23, 24.
• பாகுபாடற்ற உடல்நலச் சேவையும் காப்பீடும் (கூறு 25): பிரிவுகள் 18, 21.

4. யாருக்கெல்லாம் இச்சட்டம் பொருந்தும்?

சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, நினைவாற்றல் ஆகியவற்றில் ஏற்படும் கணிசமான கோளாறு ஒருவரது தீர்மானிக்கும் ஆற்றலையோ, நடத்தையையோ, அன்றாட வாழ்வை நடத்தும் திறனையோ பெரிதும் பாதிக்குமாயின் அது மனநோய் எனக் கொள்ளப்படுகிறது. மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநலப் பாதிப்புகளும் இதில் அடங்கும். ஆகவே, போதை மீட்புச் சிகிச்சையில் உள்ளவர்களுக்கும் இவ்வுரிமைகள் உண்டு. அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடு இவ்வரையறைக்குள் வராது. அதற்கு 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் பொருந்தும்.

ஒருவரது அரசியல், பொருளாதார, சமூக நிலை, சாதி, மதம், இனம் ஆகியவற்றைக் கொண்டோ, ஊராரின் ஒழுக்க மரபுகளுக்கு இணங்க அவர் நடக்கவில்லை என்பதைக் கொண்டோ அவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு செய்யக் கூடாது. முன்பு எப்போதோ சிகிச்சை பெற்றிருந்தார் என்பதும் இப்போது மனநோய் உள்ளது என்பதற்கு ஆதாரமாகாது. மேலும், ஒருவருக்கு மனநோய் உள்ளது என்ற மருத்துவ முடிவை, அவர் சித்த சுவாதீனமற்றவர் என்ற நீதிமன்ற அறிவிப்பாகக் கொள்ளக் கூடாது. சொத்து, திருமணம், வாக்குரிமை பற்றிய பேச்சுகளில் இவ்வேறுபாடு பெரிதும் பயன்படும்.

5. முடிவெடுக்கும் திறன்

சிகிச்சை பற்றிய தகவலைப் புரிந்துகொள்ளுதல், ஒரு முடிவினால் நேரக்கூடிய விளைவை உணர்தல், தமது முடிவைப் பேச்சாலோ சைகையாலோ வேறு வழியாலோ வெளிப்படுத்துதல் ஆகியவற்றைக் கொண்டே ஒருவரது முடிவெடுக்கும் திறன் மதிப்பிடப்படுகிறது. நோயாளிக்குப் புரியும் மொழியிலும் எளிய முறையிலும் தகவல் தரப்பட வேண்டும்.

பராமரிப்பாளர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நோயாளி எடுக்கும் முடிவு மற்றவர்களுக்குத் தவறாகவோ பொருத்தமற்றதாகவோ தோன்றலாம். அந்தக் காரணத்துக்காக மட்டும் அவர் திறனற்றவர் என்று கருதக் கூடாது என்று 4ஆம் பிரிவு தெளிவாகக் கூறுகிறது. முடிவெடுக்கும் திறன் காலத்துக்குக் காலம் மாறக்கூடியது. நோய் கடுமையாக இருக்கும் வாரத்தில் குன்றியிருக்கும் திறன், சிகிச்சைக்குப் பின் மீளலாம். ஆதலால் அது மீண்டும் மீண்டும் மதிப்பிடப்பட வேண்டும்.

6. முன்கூட்டிய அறிவுறுத்தல்

நோயின் கடுமை மிகும் காலத்தில் தமது விருப்பத்தைச் சொல்ல இயலாமற்போகலாம் என்பதால், தெளிவாக உள்ள காலத்திலேயே அதனை எழுதிவைக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதில் மூன்று செய்திகளைக் குறிப்பிடலாம்: எவ்வாறு பராமரிக்கப்படவும் சிகிச்சை பெறவும் விரும்புகிறார், எத்தகைய சிகிச்சை தமக்கு வேண்டாம், தமது பிரதிநிதியாகச் செயல்பட வேண்டியவர் அல்லது வேண்டியவர்கள் யார்.

• இதனை எழுதுபவருக்கு முன்பு மனநோய் இருந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.
• அவர் முடிவெடுக்கும் திறனை இழந்திருக்கும் காலத்தில் மட்டுமே இது நடைமுறைக்கு வரும். திறன் மீண்டதும் அவரது நேரடி முடிவே செல்லும்.
• எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம், நீக்கலாம்.
• அவசரச் சிகிச்சைக்கு இது பொருந்தாது. சட்டத்துக்கு முரணான அறிவுறுத்தல் செல்லாது.
• தேவைப்படும்போது மருத்துவர் பார்க்கும்படி இதனைக் கொடுப்பது எழுதியவரின் கடமையும் அவரது பிரதிநிதியின் கடமையும் ஆகும். ஆகவே, ஒரு படியைச் சிகிச்சைக் கோப்பிலும் மற்றொன்றைப் பிரதிநிதியிடமும் வைத்திருத்தல் நன்று.

எழுதிய அறிவுறுத்தலைப் பின்பற்ற மருத்துவரோ குடும்பத்தினரோ விரும்பாவிடில், அவர்கள் தாமாகவே அதனைப் புறக்கணிக்க இயலாது. மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பித்து, அதன் முடிவைப் பெற வேண்டும். அறிவுறுத்தல் சுய விருப்பத்துடன் எழுதப்பட்டதா, போதிய தகவல் அறிந்து எழுதப்பட்டதா, இன்றைய சூழல் அன்று எதிர்பார்த்ததிலிருந்து வேறுபட்டதா என்பன போன்றவற்றை வாரியம் ஆராயும்.

7. நியமிக்கப்பட்ட பிரதிநிதி

பதினெட்டு வயது நிரம்பிய எவரும் தமக்கு ஒரு பிரதிநிதியை நியமிக்கலாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமிட்டோ பெருவிரல் ரேகை பதித்தோ நியமிக்கலாம். நியமிக்கப்படுபவரும் வயதுவந்தவராகவும், கடமைகளை ஆற்றத் தகுதியுடையவராகவும், எழுத்து மூலம் இசைவு தந்தவராகவும் இருக்க வேண்டும். அவர் உறவினராக இருக்க வேண்டும் என்பதில்லை. நம்பிக்கைக்குரிய நண்பரும் ஆகலாம்.

எவரையும் நியமிக்காத நிலையில், முதலில் உறவினர், அடுத்துப் பராமரிப்பாளர், அதன்பின் வாரியம் நியமிக்கும் தகுந்த நபர் என்ற வரிசையில் சட்டம் செல்கிறது. யாரும் இல்லாதவருக்குச் சமூக நலத்துறை இயக்குநரையோ அவர் குறிப்பிடும் பிரதிநிதியையோ வாரியம் நியமிக்கும்.

பிரதிநிதியின் பணி நோயாளிக்காகத் தம் விருப்பப்படி முடிவெடுப்பதன்று. நோயாளியின் இன்றைய, முந்தைய விருப்பங்களையும், அவரது வாழ்க்கைப் பின்னணி, பண்பாடு, விழுமியங்களையும் கருத்தில் கொண்டு அவர் முடிவெடுக்கத் துணைநிற்பதே ஆகும். நோயாளியின் கருத்துக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று 17ஆம் பிரிவு கூறுகிறது. பிரதிநிதி கடமை தவறினால் வாரியம் அவரை மாற்றலாம்.

8. மருத்துவமனையில் சேர்க்கை: வகைகளும் கால வரம்புகளும்

தன்விருப்பச் சேர்க்கை: தமக்குச் சிகிச்சை தேவை என உணர்ந்து, தாமே ஒப்புதல் தந்து சேர்பவர் தன்விருப்ப நோயாளி. இயன்ற வரையில் எல்லாச் சேர்க்கைகளும் இவ்வகையிலேயே அமைய வேண்டும். இவர் வெளியேற விரும்பினால் அனுமதிக்க வேண்டும். தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் என்ற நிலை போன்ற குறிப்பிட்ட காரணங்கள் இருப்பின், மதிப்பீடு செய்வதற்காக மட்டும் 24 மணி நேரம் வரை நிறுத்தி வைக்கலாம்.

ஆதரவுடன் கூடிய சேர்க்கை: முடிவெடுப்பதற்கு மிகுந்த ஆதரவு தேவைப்படும் நிலையில் உள்ளவரை, அவருடைய பிரதிநிதியின் விண்ணப்பத்தின் பேரில் சேர்ப்பது இவ்வகை. இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அவர்களுள் ஒருவர் மனநல மருத்துவராக இருப்பது கட்டாயம். அண்மையில் தமக்குத் தாமே உடற்தீங்கு செய்ய முயன்றார் அல்லது மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார், அல்லது தமக்கு ஆபத்து நேரும் அளவுக்குத் தம்மைப் பேணிக்கொள்ள இயலாதவராக உள்ளார் என்று இருவரும் கண்டறிய வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வேறு வழி இல்லை என்பதும் உறுதிப்பட வேண்டும்.

• முதற்கட்டச் சேர்க்கை 30 நாட்களுக்கு மேற்படக் கூடாது.
• பெண் அல்லது சிறார் சேர்க்கப்பட்டால் 3 நாட்களுக்குள்ளும், மற்றவர்கள் சேர்க்கப்பட்டால் 7 நாட்களுக்குள்ளும் மருத்துவமனை வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும்.
• நோயாளியின் ஒப்புதல் தரும் திறன் 7 நாட்களுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்யப்பட வேண்டும். திறன் மீண்டவர் விரும்பினால் தன்விருப்ப நோயாளியாகத் தொடரலாம், விரும்பாவிடில் வெளியேறலாம்.
• 30 நாட்களுக்கு மேல் தொடர வேண்டுமெனில் இரண்டு மனநல மருத்துவர்களின் தனித்தனி மதிப்பீடும் வாரியத்தின் அனுமதியும் தேவை. அவ்வாறு முதன்முறை 90 நாட்கள், அடுத்து 120 நாட்கள், அதன்பின் ஒவ்வொரு முறையும் 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம்.

அவசரச் சிகிச்சை: உயிருக்கு ஆபத்து, தமக்கோ பிறருக்கோ கடும் தீங்கு, அல்லது தீங்கு விளைவிக்கும் நடத்தையால் உடைமைக்குப் பெருஞ்சேதம் நேரும் நிலையைத் தடுக்கப் பதிவு பெற்ற எந்த மருத்துவரும், பிரதிநிதி உடனிருப்பின் அவரது ஒப்புதலுடன், சிகிச்சை அளிக்கலாம். இதன் உச்ச வரம்பு பொதுவாக 72 மணி நேரம். மின்அதிர்வுச் சிகிச்சையை அவசரச் சிகிச்சையாக அளிக்கக் கூடாது.

9. தடை செய்யப்பட்டவை

சட்டத்தின் 95ஆம் பிரிவு பின்வருவனவற்றைத் தடை செய்கிறது:

• தசைத்தளர்வு மருந்தும் மயக்க மருந்தும் இன்றி மின்அதிர்வுச் சிகிச்சை அளித்தல்.
• சிறாருக்கு மின்அதிர்வுச் சிகிச்சை அளித்தல். இன்றியமையாதது என மனநல மருத்துவர் கருதினால், பாதுகாவலரின் ஒப்புதலும் வாரியத்தின் முன் அனுமதியும் பெற்ற பின்னரே அளிக்கலாம்.
• மனநோய்க்கான சிகிச்சை என்ற பெயரில் ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை அறுவை செய்தல்.
• எந்த முறையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைத்தல்.

தனிமையில் அடைத்து வைத்தலை 97ஆம் பிரிவு தடுக்கிறது. உடனடித் தீங்கைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் அனுமதியுடன், தேவையான நேரத்துக்கு மட்டும் உடற்கட்டுப்பாட்டைப் பயன்படுத்தலாம். அது பதிவு செய்யப்பட்டு, 24 மணி நேரத்துக்குள் பிரதிநிதிக்குத் தெரிவிக்கப்பட வேண்டும். தண்டனையாகவோ, பணியாளர் பற்றாக்குறையை ஈடுகட்டவோ அதனைப் பயன்படுத்தக் கூடாது.

தூய்மையான இருப்பிடம், அந்தரங்கம், தகுந்த உடை ஆகியவை மருத்துவமனையில் உள்ளவரின் உரிமைகள். கட்டாயமாக மொட்டையடித்தலும், கட்டாய வேலை வாங்குதலும் கூடா. அவர் செய்யும் வேலைக்குத் தகுந்த ஊதியம் தரப்பட வேண்டும். சிகிச்சை பெறும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்குத் தீங்கு நேரும் நிலையில் மட்டும் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

10. சிகிச்சை, காப்பீடு, இரகசியம்

அரசு நடத்தும் அல்லது அரசு நிதியில் இயங்கும் நிலையங்களில் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும் ஆதரவற்றோருக்கும் வீடற்றோருக்கும் அங்கே சிகிச்சை இலவசம். வறுமைக் கோட்டு அட்டை கையில் இல்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. குறைந்தபட்ச மனநலச் சேவைகள் ஒரு மாவட்டத்தில் இல்லையெனில், அம்மாவட்டத்திலுள்ள வேறு மனநல நிலையத்தில் பெறும் சிகிச்சையின் செலவை அரசு ஏற்க வேண்டும்.

உடல்நோய்க்கு மருத்துவக் காப்பீடு வழங்கும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீட்டு நிறுவனங்கள் வசதி செய்ய வேண்டும் என்று 21ஆம் பிரிவு கூறுகிறது.

நோயாளியின் உடல்நலம், மனநலம், சிகிச்சை பற்றிய செய்திகள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும். நோயாளியின் ஒப்புதலின்றி அவரது படத்தையோ தகவலையோ ஊடகங்களுக்குத் தரக் கூடாது. தமது மருத்துவப் பதிவேடுகளைப் பெறவும் நோயாளிக்கு உரிமை உண்டு. ஏதேனும் ஒரு பகுதி மறைக்கப்பட்டால், அதனைக் கோரி வாரியத்தை அணுகலாம்.

குடும்பம் ஏற்கவில்லை, வீடில்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது. குடும்பத்தால் கைவிடப்பட்டவர் குடும்ப வீட்டில் வாழும் தமது உரிமையை நிலைநாட்ட அரசு சட்ட உதவி செய்ய வேண்டும்.

11. உடன்படிக்கைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு

உடன்படிக்கையின் நடைமுறையைக் கண்காணிக்கும் ஐக்கிய நாடுகள் குழு, 12ஆம் கூறு குறித்து 2014இல் பொதுக் கருத்துரை ஒன்றை வெளியிட்டது. ஒருவருக்குப் பதிலாகப் பிறர் முடிவெடுக்கும் முறையை முற்றிலும் கைவிட்டு, அவர் தாமே முடிவெடுக்க ஆதரவளிக்கும் முறைக்கு நாடுகள் மாற வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. திறன் மதிப்பீட்டை அடிப்படையாகக் கொண்டு சட்ட உரிமையை மறுப்பதையும் அது ஏற்கவில்லை.

இந்தியச் சட்டம் அவ்வளவு தூரம் செல்லவில்லை. திறன் மதிப்பீட்டையும், குறிப்பிட்ட நிலைகளில் நோயாளியின் நேரடி ஒப்புதலின்றிச் சேர்ப்பதையும் அது தக்கவைத்துள்ளது. அதே வேளையில், அவற்றுக்குக் கால வரம்பு, மறுமதிப்பீடு, வாரியத்தின் கண்காணிப்பு ஆகிய வரையறைகளை விதித்துள்ளது. உயிர்காக்கும் சிகிச்சை தாமதமாகக் கூடாது என்ற குடும்பங்களின் கவலையும், விருப்பத்துக்கு மாறாக அடைக்கப்படக் கூடாது என்ற நோயாளிகளின் கோரிக்கையும் இவ்விடத்தில் எதிரெதிரே நிற்கின்றன. இந்தியாவில் இன்று செல்லுபடியாவது உள்நாட்டுச் சட்டத்தின் பிரிவுகளே என்பதை இருதரப்பினரும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தனிநபர்கள் நேரடியாக அக்குழுவிடம் முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையில் இந்தியா சேரவில்லை. ஆதலால் நோயாளியின் குறை தீர்வதற்கான இடங்கள் உள்நாட்டிலேயே உள்ளன.

12. உரிமை மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

முதற்படி: மருத்துவமனையின் பொறுப்பு மருத்துவரிடம் எழுத்து மூலம் முறையிடவும். நாள், நேரம், நிகழ்ந்தது ஆகியவற்றைக் குறித்து, ஒரு படியை வைத்துக்கொள்ளவும்.

இரண்டாம் படி: தீர்வு கிடைக்காவிடில் மனநல மறுஆய்வு வாரியத்தை அணுகவும். நோயாளி, அவரது பிரதிநிதி, நோயாளியின் இசைவுடன் பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் ஆகிய எவரும் விண்ணப்பிக்கலாம். வாரியத்தில் மாவட்ட நீதிபதி நிலையிலான தலைவர், மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மருத்துவ உறுப்பினர்கள் ஆகியோருடன், மனநோய்க்கு உள்ளானவர்கள், பராமரிப்பாளர்கள் அல்லது அவர்கள் சார்பான அமைப்பினருள் இருவரும் இடம்பெறுவர். சிறப்புச் சூழல்களில் வாய்மொழியாகவோ தொலைபேசி வழியாகவோ வரும் விண்ணப்பத்தையும் வாரியம் ஏற்கலாம். ஆதரவுடன் கூடிய சேர்க்கையை எதிர்க்கும் விண்ணப்பத்தை 7 நாட்களுக்குள் வாரியம் தீர்க்க வேண்டும்.

மூன்றாம் படி: வாரியத்தின் முடிவு ஏற்புடையதாக இல்லையெனில், 30 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

இவற்றுடன், தேசிய, மாநில மனித உரிமைகள் ஆணையங்களிடமும் புகார் அளிக்கலாம். சட்ட விதிகளை மீறுபவருக்கு முதன்முறை ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையோ, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். பதிவின்றி மனநல நிலையம் நடத்துவதற்குத் தனியே அபராதம் உண்டு.

13. அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோயாளி மருந்து உட்கொள்ள மறுக்கிறார். உணவில் கலந்து கொடுக்கலாமா?
முடிவெடுக்கும் திறனுள்ளவருக்கு, அவர் அறிந்து தரும் ஒப்புதலின் பேரிலேயே சிகிச்சை அளிக்கப்பட வேண்டும். மறைத்துக் கொடுப்பது நம்பிக்கையைக் குலைப்பதோடு, அளவு மாறினால் ஆபத்தும் விளைவிக்கும். மறுப்பதற்கான காரணத்தைக் கேட்டறிந்து, சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் தெரிவிக்கவும்.

தெருவில் ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைக் கண்டால் என்ன செய்வது?
காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கவும். அத்தகையவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்தில் சேர்ப்பது காவல் நிலையப் பொறுப்பு அலுவலரின் கடமை. அவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது.

தற்கொலைக்கு முயன்றவர்மீது வழக்குத் தொடரப்படும் என்று அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாமல் இருக்கலாமா?
ஒருபோதும் தாமதிக்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என 115ஆம் பிரிவு கூறுகிறது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை. தற்கொலை முயற்சியைப் பொதுவாகத் தண்டித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை.

வழிபாட்டுத் தலத்தை ஒட்டிய காப்பகத்தில் நோயாளியைச் சேர்க்கலாமா?
மனநோயாளிகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் நிலையங்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் காட்டுமாறு கேட்கவும். வழிபாடு நோயாளியின் விருப்பம். அது மருத்துவச் சிகிச்சைக்கு மாற்றாகாது. சங்கிலியால் பிணைக்கும் இடம் எதுவாயினும் அது சட்டத்தை மீறுகிறது.

14. உதவி எண்கள்

• டெலி மானஸ் மனநல உதவி: 14416 (24 மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலும்)
• இலவசச் சட்ட உதவி: 15100
• அவசர மருத்துவ ஊர்தி: 108

இப்பக்கத்தில் உள்ள செய்திகள் பொதுமக்களின் விழிப்புணர்வுக்காகத் தொகுக்கப்பட்டவை. இவை மருத்துவரின் ஆலோசனைக்கோ வழக்கறிஞரின் அறிவுரைக்கோ மாற்றாகா. தங்கள் சூழலுக்குரிய ஆலோசனைக்கு மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவையும் அணுகவும்.